பழுதுக் கணக்கு

பாலையூற்றில், மாதா கோயிலுக்குப் பின்னொழுங்கை.
ஒன்றேகால் லட்சம் என்று ஃபோனில் சொன்ன
கிளமண்ட் செல்லர், நேரில்
ஒரு கதிரையும் ஒரு போத்தல் சோடாவும் தந்தார்.
நான் சோடாவை நிலத்தில் வைத்துவிட்டுக்
கைப்பையிலிருந்து டியூனிங் கீயை எடுத்தேன்.
அவர் முகம் கொஞ்சம் மாறியது.
பார்க்க வந்தவள் அல்ல, கழற்ற வந்தவள் என்று
விளங்கியிருக்க வேண்டும்.

முதலில் இரும்பு.
இந்த ஊரில் எதை வாங்கினாலும் முதலில் இரும்பு.
உப்பு இங்கே வாடகை கொடாமல் எல்லா வீட்டிலும் இருக்கிறது.
குரோம் முழுக்க அம்மைத் தழும்பு.
சிம்பல் ஸ்டாண்டின் மூன்றாவது கால் இறுகாது.
விங் நட் இருக்கவேண்டிய இடத்தில் சைக்கிள் நட்.
ஒரு லக்கில் ஆணி சுற்றிக்கொண்டே இருக்கிறது,
எங்கும் பிடிக்காமல்.
கிக் பெடலை மிதித்தேன்:
போன ஸ்பிரிங் ஒருமுறை கீச்சிட்டு
யோசித்துத்தான் திரும்பி வந்தது.
"எண்ணெய் விட்டாச் சரி" என்றார்.
எண்ணெய் விட்டால் சரிவராத எதையும்
விற்கிறவர்கள் எனக்கு இதுவரை காட்டியதில்லை.

பிறகு மரம்.
ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்.
ஃபோன் விளக்கைச் சிவப்புச் சீமெந்தில் எரியவிட்டு
தோல் கழற்றிய டொம்மை அதன்மேல் கவிழ்த்தேன்.
குப்புறப் படுத்து விளிம்பைச் சுற்றி வந்தேன்.
ஓரிடத்தில் மட்டும்
ஒரு மயிரிழை வெளிச்சம் வெளியே வந்து
தூசியைக் காட்டியது.
செல்லரும் முழங்காலில் நின்று பார்த்தார்.
இருபத்திரண்டு வருடம் அடித்த டொம்முக்குள்
வெளிச்சம் இருந்ததே தெரியாது என்றார்.

க்ரேஷின் ஓரத்தில் நகத்தை ஓட்டினேன்.
கண்ணுக்குத் தப்பிய வெடிப்பு நகத்துக்குத் தப்பாது.
அடித்தால் சருவச்சட்டி.
அதைக் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்றேன்,
சும்மா தந்தால் எடுப்பேன் என்றேன்.

கிக் டிரம்முக்குள் பூப்போட்ட தலையணை ஒன்று
அமுக்கிக் கிடந்தது.
இழுத்தெடுத்துவிட்டு மிதித்தேன்.

சத்தம் காதுக்கு வரவில்லை.
காலால் ஏறி விலாவில் வந்து குந்தியது.
ஷோகேஸில் கிளாசுகள் ஒன்றையொன்று தொட்டன.
முகத்தை மட்டும் நான்
மருந்துக்கடைக் கவுண்டரில் வைத்திருப்பதுபோல்
வைத்திருந்தேன்.
விலை இன்னும் பேசி முடியவில்லை.

அப்போதுதான் துறைமுகத்தில்
கோதுமைக் கப்பல் ஊதியது.
யாரும் தொடாத ஸ்நேர்
மூலையில் இருந்தபடி
ஸ்ர்ர்ர் என்று நடுங்கியது.

"இதொரு குறை, தங்கச்சி" என்றார்,
களவெடுத்துப் பிடிபட்டவர்போல.
"ராவில கப்பல் ஊதினா கட்டிலுக்குக் கீழ கிடந்து உறுமும்.
மனிசி திடுக்கிட்டு எழும்புவா.
மறைச்சு விக்கேலாது. ஐயாயிரம் குறைச்சுத் தாங்கோ."

அது குறை இல்லை.
உயிருள்ள எந்த ஸ்நேரும் அப்படித்தான்.
தூரத்துக் கப்பலுக்குப் பதில் சொல்லாத கம்பி
என் மெல்லிய தட்டுக்கும் பதில் சொல்லாது.
அவ்வளவு நேரம் தேடியதில்
அந்த வீட்டிலிருந்த மிகச் சரியான சாமான் அதுதான்.

"ம்" என்றேன்.
ஒரு எழுத்து. ஐயாயிரம் ரூபா.

தொண்ணூற்றிரண்டாயிரத்தை இரண்டுமுறை எண்ணினார்.
கூரைத் தகட்டுக்கு இது காணும் என்றார்,
நான் கேட்கவில்லை.

றிஸ்மியின் ஓட்டோவில் இரண்டு நடை.
கடைசி நடையில் ஸ்நேர் என் மடியில்.
மடத்தடிச் சந்தி வரைக்கும்
எஞ்சின் நடுங்க நடுங்க அதுவும் நடுங்கியது.
பக்கத்து நெம்பைத் தட்டினால் கம்பி தளரும், சத்தம் நிற்கும்.
தட்டவில்லை.

"என்னக்கா, ஏதோ கழண்டு கிடக்குப்போல?" என்றான் றிஸ்மி.

"இல்ல. அது நல்லாத்தான் இருக்கு" என்றேன்,
அங்கே சொல்லியிருக்க வேண்டியதை,
ஓட்டோக்காரனிடம்.